ஓவர்டைம் கணக்கு

களக்காடு,
ஆடி 10.

அன்புள்ள மகன் செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆடிக் காற்றில் வாழை கொஞ்சம் சாய்ந்துவிட்டது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ அனுப்பின பணம் வந்தது. உங்க அம்மைக்கு வாயெல்லாம் பல். தங்கச்சி நகைக்கு ஆச்சு என்று தெருவெல்லாம் சொல்லியாச்சு. நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி காலண்டர் தாளுக்குப் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

துபாயில் ஓவர்டைமுக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் 25 சதவீதம், ராத்திரி 10 முதல் 4 மணி வரை என்றால் 50 என்று நீதான் போன தடவை வந்தபோது சொன்னாய். அலவன்ஸ் அந்தக் கணக்கில் சேராது என்றும் சொன்னாய். நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பொதுவாகக் கூடாதாம். எப்படிக் கூட்டினாலும் அந்த 2 மணி நேரத்தில் இவ்வளவு பணம் வராது மக்கா. ஒழுங்காகத் தூங்குகிறாயா?

கூடங்குளத்தில் கம்பி கட்டினவன் நான். அப்புறம் வள்ளியூர் பக்கம் டன்னுக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கில் எடுத்துச் செய்தோம். 25 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 46 கிலோ. 22 கம்பி போட்டால் ஒரு டன் ஆச்சு. அதே டன்னுக்கு 8 எம்எம் என்றால் 210 கம்பி வெட்டி, ரிங் வளைத்து, ஒவ்வொரு முடிச்சாகக் கொக்கி போட்டு முறுக்க வேண்டும். ரேட் இரண்டுக்கும் ஒன்றுதான். தடிக்கம்பியை மேஸ்திரி தன் ஆட்களுக்கு வைத்துக்கொள்வார். டன் ஏறவில்லையே என்று ராத்திரியில் லைட் போட்டு ரிங் வளைத்தோம். தெற்குத் தெருப் பெரியப்பாவுக்கு என்ன ஆச்சு என்று உனக்குத் தெரியும்.

ஹெல்ப்பராகப் போனவன் ட்ராயிங் பார்த்துக் கம்பி வெட்டக் கொடுக்கிற ஸ்டீல் ஃபிக்ஸர் ஆகிவிட்டாய். டீக்கடையில் நான் இதைச் சொல்லாத நாள் இல்லை. அடுத்து சார்ஜ்ஹேண்ட், அதாவது ஒரு குழுவை மேய்க்கிறவன், ஆகிற வழியைப் பார். அடிப்படை ஏறினால் ஓவர்டைமும் ஏறும், முடித்து வரும்போது கிராஜுவிட்டியும் ஏறும். முதல் 5 வருஷம் வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸுக்குக் கிடையாது. அதனால் அடிப்படையைக் கூட்டிக் கேள். தூக்கத்தை விட்டுவிட்டு ஓவர்டைம் பார்க்காதே.

வீடியோவில் வா என்றால் நெட் இல்லை என்கிறாய். பணம் அனுப்ப மட்டும் நெட் எங்கிருந்து வருகிறது? உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. அம்மை கேட்கமாட்டாள், அதற்காக நீயும் சும்மா இருந்துவிடலாமா?

செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கிடையாது அல்லவா, அந்த நேரம் படுத்துத் தூங்கு. உள்வேலை இருக்கிறது என்று வேறு சைட்டுக்குக் கூப்பிட்டால் போகாதே. ஏஜென்ட் கடன் போன வருஷமே தீர்ந்தாச்சு, யாருக்கும் நாம் பாக்கி இல்லை. தூங்கு மக்கா.

கல்யாணத்தை ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் நானே பேசினேன். சரி என்றுவிட்டார்கள். அம்மையிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அடுத்த மாசம் பழைய தொகையே அனுப்பு. சம்பள ஸ்லிப்பைப் போட்டோ எடுத்துப் போடு, ஓவர்டைம் மணி எழுதின பக்கமும் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
அப்பா