கேஷுவாலிட்டி டியூட்டி டாக்டர்களே, மூச்சை எண்ணிட்டு எழுதுங்க

வணக்கம் டாக்டர், வணக்கம் சிஸ்டர். எந்த ஆஸ்பத்திரின்னு பேர் சொல்லப் போறதில்ல, ராத்திரி டியூட்டில உக்காந்திருக்கிற எல்லாருக்கும்தான் இது.

போன மார்கழில எங்க அப்பாவுக்கு மூணு நாளா சளி இருமல். வயசு 71. காய்ச்சல்னு பெருசா இல்ல, 99தான். ஆனா அன்னிக்கு சாயங்காலம் சட்டைய திருப்பிப் போட்டுக்கிட்டு, செத்து பதினஞ்சு வருஷமான அப்பத்தாவுக்கு கஞ்சி குடுத்தியான்னு அம்மாகிட்ட கேக்குறாரு. ஆட்டோ புடிச்சு ஓடுனோம். பிபி பாத்தாங்க, ஸ்டெத் வெச்சாங்க, "வயசானா இப்படித்தான்மா பேசுவாங்க"ன்னு ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிட்டாங்க. ஓபி சீட்டுல மூச்சு நிமிஷத்துக்கு 20ன்னு போட்டிருக்கு. நான் பக்கத்துலயேதான் நின்னேன், யாரும் எண்ணல.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அக்கா, நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, நாடி பாக்குற மாதிரி அப்பா கையப் புடிச்சுக்கிட்டு கண்ண மட்டும் வயித்து மேல வெச்சு முழுசா ஒரு நிமிஷம் எண்ணுனாங்க. 34. எண்ணுறோம்னு தெரிஞ்சா மூச்சு மாறிடுமாம், அதான் அப்படி. விடியட்டும்னு இருக்காதீங்கன்னு கிளப்பி விட்டாங்க. பெரியாஸ்பத்திரில ஆக்சிஜன் 87, நிமோனியா, யூரியா 58, ஒன்பது நாள் பெட்.

அப்புறம்தான் படிச்சேன், நிமோனியா எவ்வளவு சீரியஸ்னு பாக்க சி.யு.ஆர்.பி-65ன்னு ஒரு ஸ்கோர் 2003லயே வந்திருக்கு. புதுசா குழப்பம், ரத்தத்துல யூரியா டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 42 மில்லிகிராமுக்கு மேல, மூச்சு 30 இல்ல அதுக்கு மேல, பிபி மேல 90க்கு கீழ இல்லன்னா கீழ 60 இல்ல அதுக்கும் கம்மி, வயசு 65 இல்ல அதுக்கு மேல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க். 0, 1னா பெரும்பாலும் வீட்லயே பாத்துக்கலாம், 2னா ஆஸ்பத்திரிய யோசிக்கணும், 3 இல்ல அதுக்கு மேல வந்தா சீரியஸ். யூரியா டெஸ்ட் இல்லாமலே மிச்சம் நாலையும் வெச்சு பாக்கவும் வழி இருக்கு. எங்க அப்பாவுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமலே 3 வந்திருக்கும் டாக்டர், கையில கடிகாரம் இருந்தா போதும்.

ஸ்கோரே எல்லாம்னு சொல்ல வரல. அதுல ஆக்சிஜன் கணக்கே கிடையாது, சின்ன வயசுக்காரருக்கு மார்க் கம்மியா வந்தாலும் ஆக்சிஜன் 90க்கு கீழ போனா வீட்டுக்கு அனுப்ப முடியுமா? மாத்திரை முழுங்க முடியாதவரு, தனியா இருக்குற பாட்டி, இதெல்லாம் நீங்க பாத்து முடிவு பண்றதுதான். மார்க் 0 இருக்குறவங்கள பெட்ல போட்டு பில் ஏத்துறதும் நடக்குது, அதுவும் வேணாம்.

கைக்குழந்தைக்கு சளின்னா எண்ணுறீங்க, ரெண்டு மாசத்துலேர்ந்து ஒரு வயசுக்குள்ள மூச்சு 50 தொட்டா வேகம், அஞ்சு வயசு வரைக்கும் 40 தொட்டா வேகம்னு எங்க ஊர் கிராம சுகாதார செவிலியருக்கே மனப்பாடம். அதே கவனம் தாத்தா பாட்டிக்கும் வேணும். கூட வந்தவங்ககிட்ட "நேத்து வரைக்கும் இப்படித்தான் பேசுனாரா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அம்மா அன்னிக்கு அதச் சொல்லத்தான் வாயெடுத்தாங்க.

கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியும், நானும் அந்த பெஞ்சுல உக்காந்திருக்கேன். எண்ண நேரமே இல்லன்னா அந்தக் கட்டத்துல 20ன்னு எழுதாதீங்க, காலியா விட்டுருங்க. அடுத்து பாக்குறவங்களாவது எண்ணுவாங்க.