தெப்பக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். பங்குனியில் தொடங்கிய குளத் திருப்பணி ஆவணியில் நிறைவடைந்தது.

முதலில் ஒரு கணக்கு. குளம் கரைமட்டத்தில் 200-க்கு 200 அடி, அடித்தளம் 150-க்கு 150. ஓர் அங்குல மழை நேரே விழுந்தால் சேர்வது சுமார் 94,000 லிட்டர். அடியில் ஓர் அடி தண்ணீர் நிற்கவே 6.37 லட்சம் லிட்டர் வேண்டும். வானத்தை மட்டும் நம்பினால் குளம் நிரம்பாது. மதுரை வண்டியூர் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, பனையூர்க் கால்வாய் வழியே வைகைத் தண்ணீர் வந்தபிறகே நிரம்பியது. ஆகவே குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் 600 அடி வரத்துக்காலைத்தான் முதலில் எடுத்தோம். அதில் விட்டிருந்த சாக்கடைக் குழாய்கள் மூன்றும் அடைக்கப்பட்டன. குளத்துக்கு முன்னால் 6-க்கு 6 அடியில், 4 அடி ஆழ வண்டல் தொட்டியும் ஷட்டரும் வைத்திருக்கிறோம்.

வண்டல் மூன்றரை அடி இருந்தது, ஏறத்தாழ 790 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வெட்டிய மண் உப்பும் என்பதால் 3 யூனிட் டிப்பரில் 325 நடை ஆனது. அத்தனையும் வயல்களுக்குப் போயிற்று.

சிக்கல் அடித்தளத்தில். முன்பு தூர்வாரியபோது பொக்லைன் வண்டலோடு அடிக்களியையும் வழித்துவிட்டது, கீழே மணல். நிரம்பிய குளம் இரண்டே மாதத்தில் வற்றியது அதனால்தான். சிமெண்ட் தளம் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். போட்டிருந்தால் தெருக் கிணறுகளுக்கு ஊற்று அற்றுப்போயிருக்கும். அதனால் களிமண்ணே போட்டோம்: 6 அங்குலம் பரப்பி, 4 அங்குலமாகப் படியும்வரை ரோலர் உருட்டி, மூன்று அடுக்கு. உள்ளங்கையில் வைத்துத் திரித்தால் பென்சில் கனத்துக்கு உடையாமல் வர வேண்டும், அதுதான் பதம். ஈரம் மிஞ்சினால் ரோலரில் அப்பிக்கொள்ளும். ஈசானிய மூலையில் இரண்டாம் அடுக்கு ஒருநாள் வெயிலில் காய்ந்து வெடித்தது. கிளறி, நனைத்து, மறுபடி உருட்ட வேண்டியதாயிற்று.

படிக்கட்டில் சரிந்த கற்களுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பினோம். குளத்து நீர் சட்டென்று இறங்கும்போது கரைக்குள் நிற்கும் தண்ணீர் கல்லை முன்னே தள்ளும். அது வடிய வழி வேண்டும். இணைப்புகளில் கடுக்காய், வெல்லம் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து. அரசங்கன்று முளைத்தால் வேரோடு எடுங்கள், ஒடித்தால் இன்னும் தடித்து வரும்.

முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடக் கூடாது. ஷட்டரை மூடி, கசடு வெளியே போனபிறகே திறக்க வேண்டும். வண்டல் தொட்டியைப் புரட்டாசிக்குள் அள்ளிவிட வேண்டும். ஒட்டுவேலைக்காக 12 யூனிட் களிமண் மடப்பள்ளிக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி இருக்கிறது. அதை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு