தனியாக இடம் காட்டப் போகும் நம் புரோக்கர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம் காட்டப் போனேன். ஒருவர்தான் வருவதாகப் பேச்சு. அடிவாரத்தில் பார்த்தால் காரில் நான்கு பேர். "உங்க வண்டி எதுக்கு, இதுலயே ஏறுங்க" என்றார்கள். ஏறிவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவும் பின்சீட்டில் இருவருக்கு நடுவே. தோட்டத்தில் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் நான் செய்தது மடத்தனம்.

இனி புது பார்ட்டி என்றால் முதலில் ஆபீசிலோ சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டீக்கடையிலோ பார்த்துவிடுங்கள். அவர்கள் கார் நம்பரை இந்த குரூப்பில் போடுங்கள் (ஆதாரைப் போட வேண்டாம், நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்). உங்கள் வண்டியிலேயே போங்கள். வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷனை 8 மணி நேரத்துக்கு அடிவாரத்திலேயே போட்டுவிடுங்கள். மேலே டவர் போனாலும் கடைசியாக இருந்த இடமாவது எங்களுக்குத் தெரியும். காலி வீட்டில் அவர்களை முன்னே விட்டு, நீங்கள் வாசல் பக்கம் நில்லுங்கள். டோக்கன் பணம் கையில் வேண்டாம், அக்கவுன்டில் போடச் சொல்லுங்கள். சிக்கல் என்றால் 112.

மாலை 5 மணிக்கு மேல் மலைக்குத் தனியாக வேண்டவே வேண்டாம். துணைக்கு ஆள் வேண்டுமா, கூப்பிடுங்கள். கமிஷனில் பங்கு கேட்க மாட்டேன், மதியச் சாப்பாடு மட்டும்.