நிக் சேபன் போல் ஆக நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் கோச் ஆகணும், அலபாமா பல்கலைக்கழக அணியை நடத்திய நிக் சேபன்தான் முன்மாதிரி என்று எழுதியிருந்தாய். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். ஆனால் நீ அனுப்பிய கிளிப் எல்லாம் அவர் ஹெட்செட்டை வீசிக் கத்துவதுதான். அதில் கற்க ஒன்றுமில்லை.

1973-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கோச் டான் ஜேம்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தவர், தலைமைக் கோச் ஆனது 1990-ல், டொலீடோ பல்கலைக்கழகத்தில். இடையில் பதினேழு வருடம், பெரும்பாலும் எதிரணி எறியும் பந்தைத் தடுக்கும் கார்னர், சேஃப்டி என்ற பின்வரிசை ஆட்களுக்குப் பாடம் எடுத்தே போனது. டொலீடோவில் 9 வெற்றி, 2 தோல்வி. அடுத்த வருடமே அந்தப் பதவியை விட்டுவிட்டு, கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணியில் கோச் பில் பெலிசிக்குக்குக் கீழே டிஃபன்ஸை, அதாவது எதிரணியைத் தடுக்கும் ஆட்களைப் பார்த்துக்கொள்ளப் போனார். அவர் எடுத்த முடிவுகளிலேயே பெரியது அதுதான் என்பேன்.

காரணம் கவர் 3 என்ற தடுப்பு முறை. மைதானத்தின் ஆழத்தை மூன்று பங்காக்கி மூவர் காப்பார்கள். எதிரணி நாலு ரிசீவரை, அதாவது பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களை, நேராக ஓடவிட்டால் கணக்கு உதைக்கும். கார்னருக்கும் நடு சேஃப்டிக்கும் நடுவிலுள்ள சந்தில் ஒருவன் தனியாக நிற்பான். பிட்ஸ்பர்க் அணி இதை வைத்தே பிரவுன்ஸைப் படுத்தியது. அதற்கு மருந்தாக வந்ததுதான் 'மேட்ச்' முறை: உன் இடத்துக்குள் வருகிறவனைப் பிடித்துக்கொள். உள்பக்கத்து இரண்டாம் ரிசீவர் நேராக ஏறினால், அவனுக்கு எதிரே நிற்பவன் கூடவே ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் லைன்பேக்கரிடம் கைமாற்றிவிட்டு அடுத்தவனைத் தேட வேண்டும். சேஃப்டி வலப்பக்கம் இறங்கினால் 'ரிப்', இடப்பக்கமானால் 'லிஸ்' என்று குரல் கொடுப்பார்கள். கூட்டத்தின் இரைச்சலில் ஒருவன் காதில் அது விழவில்லையென்றால் போச்சு: ஒரு ரிசீவர்மேல் இருவர், இன்னொருவன்மேல் யாருமில்லை. பார்ப்பவர்கள் கார்னரைத் திட்டுவார்கள், பாவம்.

பிறகு மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தலைமைக் கோச்சாக இரண்டு சீசன், 15 வெற்றி, 17 தோல்வி. அதை மறைக்க வேண்டியதில்லை. பந்தை எறியும் குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸின் தோளைப் பார்த்து டாக்டர்கள் தயங்க, அணி அவருக்குப் பதில் டான்டே கல்பெப்பரை எடுத்தது. கல்லூரியிலோ, தனக்கு வேண்டிய பையன்களைத் தானே வீடு தேடிப்போய் அழைத்துவரலாம். லூசியானா ஸ்டேட்டில் (எல்.எஸ்.யு.) 2003 தேசிய சாம்பியன் பட்டம், 2007 முதல் 2023 வரை அலபாமாவில் இன்னும் ஆறு.

அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதிய 2018 ஜனவரி இறுதிப்போட்டியைக் கட்டாயம் பார். பாதி ஆட்டத்தில் அலபாமா 0-13 என்று பின்தங்கியிருந்தது. சேபன், குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதல் வருடப் பையன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். ஓவர்டைமில் 2-வது டவுன் (முயற்சி), இன்னும் 26 யார்டு போக வேண்டும். டுவா முதலில் வலப்பக்கம் பார்க்கிறான், சேஃப்டி ஒரு நொடி தயங்குகிறான், இடக்கோட்டோரம் டெவான்டா ஸ்மித் 41 யார்டில் டச்டவுன். ஏமாந்தது கர்பி ஸ்மார்ட்டின் ஜார்ஜியா. அந்த ஸ்மார்ட், சேபனிடம் வருடக்கணக்கில் டிஃபன்ஸ் பார்த்தவர்.

இனி உன் வேலை. ஒரு ஆட்டத்தை எடுத்து, பந்தை விட்டுவிட்டு இரண்டாம் ரிசீவரை மட்டும் பார். ஒவ்வொரு பிளேக்கும் டவுன், தூரம், பந்து மைதானக் குறிக்கோடுகளில் எந்த ஹாஷில், எத்தனை ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), எத்தனை டைட் எண்ட் (தடுப்பதோடு பந்தும் பிடிப்பவர்) என்று குறித்துக்கொள். டிவி பதிவு உதவாது. சேஃப்டி படத்துக்கு வெளியே போய்விடுவான். இருபத்திரண்டு பேரும் தெரியும் மேல்கோண வீடியோ உன் கல்லூரி அணியிடம் இருக்கும், போய்க் கேள்.

அன்புடன்,
அண்ணன்