சுவிட்ச் எழுதிவைத்ததைப் படிக்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டப்புறப் பள்ளிகளுக்கும் கூட்டுறவுக் கழகங்களுக்கும் கணினிகள் அன்பளிப்பாக வழங்கப்படும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் படித்து மகிழ்பவன் நான். அக்கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சை அதன்பின் யார் கவனிக்கிறார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனை ஆலை ஒன்றில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கும் எனக்கே, ஒரு மதிய வேளையில் பட்ட பிறகுதான் அது உறைத்தது.

அன்று எடைமேடை அலுவலகத்துச் சுவிட்ச் நின்றுபோனது. குலை ஏற்றி வந்த லாரிகள் வாசலைத் தாண்டி வரிசை கட்ட, கிராணி (எழுத்தர்) கார்பன் தாள் வைத்து எடைச் சீட்டுகளைக் கையால் எழுதினார். பதற்றத்தில் நான் மின்சாரத்தை நிறுத்தி மறுபடியும் போட்டேன். சுவிட்ச் உயிர்பெற்றது, ஆனால், அதுவரை அது தன் தற்காலிக நினைவகத்தில் எழுதி வைத்திருந்த லாக் (நிகழ்வுக் குறிப்பு) முழுவதும் அத்தோடு அழிந்தது. புதிதாக விழுந்த முதல் வரியிலோ தேதி 1993 மார்ச் 1 என்றிருந்தது. பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லாத அவ்வகைச் சுவிட்சுக்கு வேறொரு சர்வர் நேரத்தைச் சொல்லித் தராவிட்டால், அது நாளை எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். மூடியைக் கழற்றினால், மின்விசிறியில் செம்பனை நார்த் தூசி அடைத்து, இறக்கைகள் அசையவில்லை. ஓரத்தில் காய்ந்துபோன பல்லி ஒன்றும் கிடந்தது. எத்தனை நாளாக அந்தச் சுவிட்ச் எச்சரித்ததோ, அறிய வழியில்லாமல் செய்தவன் நானே.

இப்போது ஒதுக்கிவைத்த பழைய கணினி ஒன்றில் எல்லாச் சுவிட்சுகளின் லாக்கும் சிஸ்லாக் எனும், குறிப்புகளை நெட்வொர்க் வழியே ஓரிடத்துக்கு அனுப்பும் முறையில் வந்து சேருகின்றன. நேரமும் ஒரே சர்வரிலிருந்து வருகிறது. சிஸ்லாக்கில் மிக அவசரமானதற்கு 0, பிழை தேடுவதற்கானதற்கு 7 என எட்டு நிலைகள் உண்டு. எண்ணை வைத்து வடிகட்டினால் போதும் என்று நினைத்தது தவறு. பல சுவிட்சுகளில் ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இணைப்பு விழுவதும் எழுவதுமே 3ஆம் நிலைச் செய்தியாக வருவதால், மாலையில் அலுவலகக் கணினிகளை அணைக்கும்போது திரை நிரம்பி, மின்விசிறி பற்றிய ஒற்றை வரி அதில் புதைந்துபோகும். ஆகவே, மேசைக் கணினிகளின் போர்ட்டுகளுக்கு மட்டும் அந்த அறிவிப்பை நிறுத்திவிட்டோம்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் யுடிபி எனும் அனுப்புமுறையில், 514ஆம் போர்ட் (இது கேபிள் துளை அல்ல, மென்பொருள் வாசல் எண்) வழியே போகும் இச்செய்திகள் சேர்ந்தனவா என்று சுவிட்ச் திரும்பிக் கேட்பதில்லை. திடீரென்று செத்த சுவிட்சால் எதையும் அனுப்பவும் முடியாது. அதனால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்என்எம்பி எனும், கருவியின் நிலையை நெட்வொர்க்கில் விசாரிக்கும் முறை வழியாக வெப்பநிலை, மின்விசிறி, பவர் சப்ளை ஆகியவற்றை நாங்களே கேட்டுவாங்குகிறோம். பதில் வராவிட்டால் அதையும் பழுதாகவே கொள்கிறோம்.

இதற்கெல்லாம் புதிதாகப் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. தினமும் காலையில் கால் மணி நேரம் உட்கார்ந்து படிக்க ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது. கணினி வழங்கும் நன்கொடையாளர்களும் அதைப் பெறும் பள்ளிகள், கழகங்களின் நிர்வாகத்தினரும், லாக் எங்கே சேமிக்கப்படும், அதை யார் படிப்பார், மின்விசிறியை யார் எப்போது துடைப்பார் என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செம்பனை ஆலைப் பணியாளர்,
தெலுக் இந்தான், பேராக்.