பூச்சியப் பாகையில் சைக்கிள்

ஒஸ்லோ, ஒக்ரோபர் 9

அன்பு மகளுக்கு,

பின்லாந்தின் ஔலுவில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டாய் என்றதும் அம்மாவுக்குத்தான் பயம். எனக்கு அந்த ஊரில் பயமில்லை. குளிர்காலச் சைக்கிள் ஓட்டத்துக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு முதன்முதலாக 2013இல் கூடினது அங்கேதான். -20இலும் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போய் வருகிற ஊர் அது.

நான் பயப்படுகிறது பூச்சியப் பாகைக்கு. -15இல் ஸ்னோ காய்ந்த மணல் மாதிரி இருக்கும், மிதித்தால் கிறீச்சிடும், ரயர் அதை நன்றாகப் பிடிக்கும். +1க்கும் -3க்கும் இடையில்தான் வில்லங்கம். பகலில் உருகின தண்ணி இரவில் கண்ணாடியாகும். அதே தண்ணி பிறேக் வயருக்குள்ளும் பூட்டுக்குள்ளும் போய் உறையும். இந்தக் கடிதத்தில் முக்கால்வாசி தண்ணியைப் பற்றித்தான் இருக்கப்போகிறது.

முதல் வேலை ரயர். மற்ற எதற்குக் காசு மிச்சம் பிடித்தாலும் இதற்குப் பிடிக்காதே. ஆணி ரயர்தான் வேணும். தடித்த பூப்போட்ட சாதாரண ரயர் புது ஸ்னோவில் போகும், ஐஸில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆணியின் நுனி ரங்ஸ்ரன் கார்பைட்டாக இருக்கவேண்டும். வெறும் இரும்பு ஆணி என்றால் தார் றோட்டில் ஒரு வின்ரருக்குள் தேய்ந்துவிடும். பின்லாந்தின் சுவோமி ரயரில் (முந்தி நொக்கியன் என்ற பெயரில் வந்தது) 106, 240 என்று இலக்கம் போட்டிருக்கும், அதுதான் ஆணிகளின் எண்ணிக்கை. 106இல் இரண்டு வரிசை, 240இல் நாலு வரிசை. ஜேர்மன் சுவால்பேயின் மரதன் வின்ரரும் நாலு வரிசைதான். தட்டையான பாதைக்கு இரண்டு வரிசை போதும். ஆனால் ஆட்கள் ஓடி ஓடிப் பள்ளமான ஸ்னோ இரவில் இறுகி வரம்பு மாதிரி நிற்கும். அந்த வரம்பின் சரிவில் ரயர் ஏறும்போது பிடிக்கிறது ஓரத்து ஆணிகள். ஆகவே முன்னுக்கு நாலு வரிசை போடு. பின்னுக்கு இரண்டு வரிசை போட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இந்த மாதம் ஒன்றுக்குத்தான் காசிருக்கு என்றால் முன் சில்லுக்கு வாங்கு. பின் சில்லு சறுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன் சில்லு சறுக்கினால் யோசிக்க முதலே நிலத்தில் கிடப்பாய்.

வாங்க முதல் இப்போதிருக்கிற ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கிறதைப் பார். 37-622 அல்லது 40-622 என்று இருக்கலாம். இரண்டாவது இலக்கம் ரிம்மின் அளவு, அது அப்படியே பொருந்தவேணும். முதலாவது ரயரின் அகலம், அது கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் உன் சின்ன விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் ஈர ஸ்னோ அதற்குள் அப்பி, வெளியே நிற்கும்போது இறுகி, சில்லைச் சுற்ற விடாது. அதற்காக மட்காட்டைக் கழற்றி எறியாதே. உருகிற நாளில் முதுகு முழுக்கச் சேறாகும், செயினுக்கும் அதே கதி. இடம் போதாவிட்டால் ஒல்லியான ரயர் எடு.

பூட்டும்போது கையுறை போடு, ஆணி விரலைக் கிழிக்கும். பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் சில்லு சுற்றுகிற திசைக்கு அது பார்க்கவேண்டும். உன் சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிறேக் என்று சொன்னாய். அப்படியென்றால் பின் அச்சுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தட்டைக் கம்பி சட்டத்தோடு சேர்த்துப் பூட்டியிருக்கும். சில்லைக் கழற்ற முதல் அந்தச் சின்ன நட்டைக் கழற்றவேணும். திருப்பிப் போடும்போது மறக்காமல் பூட்டவேணும். மறந்தால் முதல் பிறேக்கிலேயே கம்பி சுழன்று அச்சையும் இழுத்துக்கொண்டு போகும். அச்சின் நட்டுக்கு 15 மி.மீ. ஸ்பானர். இறுக்க முதல் செயினை நடுவில் மேலும் கீழும் ஆட்டிப் பார், ஒரு சென்ரிமீற்றர் அளவு ஆடவேண்டும். அதைவிட இறுக்கமென்றால் மிதிக்கக் கனக்கும், தொய்ந்தால் கழன்று விழும்.

புது ரயரை முதல் 40 கிலோமீற்றர் காய்ந்த தாரில் மெதுவாக ஓட்டு. பிறேக்கைச் சடக்கென்று பிடிக்காதே, எழும்பி நின்று மிதிக்காதே. அப்போதுதான் ஆணிகள் றப்பரில் ஒழுங்காக அமரும். இதைச் செய்யாமல் ஐஸில் இறங்குகிற ஆட்களுக்குத்தான் தை மாதம் ஆணி கழன்று விழுகிறது. அதுதான் ஒக்ரோபரிலேயே இதை எழுதுகிறேன்.

காற்றைக் குறைத்து வை. ரயரில் எழுதியிருக்கிற ஆகக் கூடின அளவுக்கு அடித்தால் நடு றப்பர் மட்டும் நிலத்தைத் தொடும், ஆணிக்கு வேலையில்லை. ஆகக் குறைந்த அளவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கட்டும். இன்னொன்று, வீட்டுக்குள் 20 பாகையில் 3 பார் (காற்றழுத்த அளவு) அடித்தால் வெளியே -15இல் அது ஏறக்குறைய இரண்டரை பார்தான். ரியூப் ஓட்டை இல்லை, காற்றுச் சுருங்குகிறது. அளவு வெளியில் எவ்வளவு இருக்கவேண்டும் என்று பார்த்து அடி.

இனிப் பிறேக். பின்னுக்கு மிதிக்கிற பிறேக் வின்ரருக்கு நல்லது, வயர் இல்லை, உறைய ஒன்றுமில்லை. கடும் குளிரில் உள்ளே கிறீஸ் தடித்து ஒரு கணம் பிந்திப் பிடிக்கலாம், அதை எதிர்பார்த்து ஓட்டு. அதற்குள் மெல்லிய எண்ணெய் மட்டும் விசிறாதே. அது சூடு தாங்குகிற கிறீஸ் போட்ட இடம். எண்ணெய் அதைக் கழுவிவிட்டால் பிறேக் கவ்விக்கொண்டு நிற்கும் அல்லது பிடிக்கவே பிடிக்காது. முன் பிறேக் ரிம்மைப் பிடிக்கிற வகை என்றால் ஈர ஸ்னோ ரிம்மில் ஒட்டி ஐஸாகும். நிற்க வேண்டிய இடத்துக்கு 20 மீற்றர் முன்னமே மெல்லத் தொட்டு அதைச் சுரண்டிவிடு. வயர் உறைந்தால் இழுத்துப் பிடுங்காதே. சைக்கிளை ஓர் இரவு உள்ளே வைத்து உருகவிட்டு, வயரைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டு. கவசக் குழாய் வெடித்திருந்தால் மாற்று; வெடிப்புக்குள்ளால்தான் தண்ணி போகிறது.

இதிலேதான் கனபேர் பிழை விடுகிறார்கள். தினமும் இரண்டு மணித்தியாலம் கட்டடத்துக்குள்ளே சூடான நடையில் வைத்துவிட்டு ஈரத்தோடு வெளியே எடுப்பார்கள். உருகின தண்ணி எல்லாச் சந்துக்குள்ளும் புகுந்து, வெளியே வந்ததும் உறையும். ஒன்றில் எப்போதும் வெளியே, கூரைக்குக் கீழ் வை. அல்லது முழுக்கக் காயும்வரை உள்ளே வை. ஸ்னோவைத் தும்புத்தடியால் தட்டிவிட்டால் பாதி வேலை முடியும்.

கியர் பின் அச்சுக்குள்ளேயே இருப்பது உன் அதிர்ஷ்டம். வெளியே பற்சில்லு அடுக்கியிருக்கிற சைக்கிளில் பற்களுக்கு நடுவில் ஐஸ் நிரம்பிச் செயின் துள்ளும். சில நேரம் பெடல் சும்மா சுத்தும், சில்லு திரும்பாது. பற்சில்லுக்கு உள்ளே இருக்கிற சின்ன நாக்குகள் தடித்த கிறீஸில் ஒட்டிக்கொண்டு எழும்பாததால்தான் அது. பிறகு அப்படியொரு சைக்கிள் வாங்கினால் குளிருக்கு ஏற்ற மெல்லிய எண்ணெய் போடச் சொல்.

செயினுக்குக் கிழமைக்கு ஒருமுறை துடைத்து, ஈரத்துக்கான எண்ணெய் கொஞ்சம். ஒஸ்லோவில் சைக்கிள் பாதைக்கு உப்புப் போடுவதால் செயின் ஒரு வின்ரரில் செத்துப்போகும். உங்கள் பக்கம் பாதையில் ஸ்னோவை இறுக்கி வைத்துச் சல்லி தூவுவார்கள், அது செயினுக்கு நல்லது.

பூட்டுத் துவாரம் நிலத்தைப் பார்க்கத் தொங்கவிடு. உறைந்தால் திறப்பைச் சூடாக்கி மெதுவாகச் செருகு, அல்லது ஐஸ் உருக்கும் ஸ்பிரிற் விடு. சுடுதண்ணி ஊத்தாதே. ஐந்து நிமிடத்தில் அது முன்னையதைவிடப் பெரிய ஐஸ்.

டிசம்பர் நடுவில் அங்கே பகல் மூன்றரை மணித்தியாலம்தான். 2020 ஜூனிலிருந்து பின் சிவப்பு லைற்றும் பின்லாந்தில் சட்டம். பற்றரி லைற் குளிரில் சீக்கிரம் சாகும், ஆகவே கழற்றி உள்ளே கொண்டுபோ. முன் அச்சில் டைனமோ இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பின் லைற்றில் ஸ்னோ அப்பி மூடியிருக்கும். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் விரலால் துடை.

ஓடுகிற முறைக்கு வருகிறேன். சீற்றை இரண்டு சென்ரிமீற்றர் இறக்கு, கால் நிலத்தில் முழுக்கப் படட்டும். வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள் பிறேக்கும் வேண்டாம் சாய்வும் வேண்டாம். ஐஸில் சிக்கினால் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் நேராக உருளவிடு. வரம்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்குள் சில்லு போய்விட்டால் சாய்வாக ஏறப் பார்க்காதே, பள்ளம் முடியும்வரை அதோடேயே போ. சீனி மாதிரி உதிர்ந்த பழுப்பு ஸ்னோவில் ஆணியும் உதவாது. கியரை இறக்கி, பாரத்தைப் பின்னுக்குக் கொடுத்து, நிறுத்தாமல் மிதி. முடியாவிட்டால் இறங்கித் தள்ளு, அதில் வெட்கமில்லை. ஆனால் இறங்கும்போது நினைவு வை: ஆணி ரயருக்குத்தான், உன் சப்பாத்துக்கு இல்லை. சைக்கிளில் விழாத ஆட்கள் இறங்குகிற இடத்தில் விழுவார்கள்.

ஊர் மையத்திலிருந்து லின்னன்மா பல்கலைக்கழகத்துக்கு ஐந்தாறு கிலோமீற்றர் இருக்கும். வழியில் சுரங்கப் பாதைகள் வரும். இறங்குகிற சரிவில் பிறேக்கை முடித்துக்கொள். அடியில் உருகின தண்ணி தேங்கி உறைந்திருக்கும், வெளிச்சமும் மாறும். பாலங்களும் மற்ற இடத்துக்கு முதல் உறையும்.

உடுப்பு: வெளிக்கிட்டு முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் குளிரவேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் பாதி வழியில் வியர்க்கும், பிறகு அந்த வியர்வை குளிரும். தோலோடு கம்பளி, வெளியே காற்றுப் புகாத மெல்லிய சட்டை. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. -15இல் மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால் முகத்துக்கு அது -24 மாதிரி. கன்னத்தைத் துணியால் மூடு. கிறீம் பூசினால் காப்புக் கிடைக்கிற மாதிரித் தோன்றும், ஆனால் துணியின் வேலையை அது செய்யாது. மூக்கு நுனி வெளிறி உணர்ச்சி போனால் உடனே உள்ளே போ, தேய்க்காதே. கைக்கு ஐந்து விரல் உறை போதாது, ஹாண்டிலோடேயே பூட்டி, கையை உள்ளே விடுகிற பெரிய உறை வாங்கு. அதற்குள் மெல்லிய உறை போட்டாலே போதும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு மேசு போட்டால் இரத்தம் ஓடாது, கால் இன்னும் விறைக்கும்.

ஏப்ரலில் ஸ்னோ போனதும் அவசரப்பட்டு ஆணி ரயரைக் கழற்றாதே. இரவில் இன்னும் உறையும். தூவின சல்லியும் பாதையில் கிடக்கும், அதன் கூர் சாதாரண ரயரைக் குத்தும். கூட்டி அள்ளின பிறகு மாற்று. கழற்றும்போது எந்தப் பக்கம் சுற்றினது என்று சோக்கால் எழுதி வை, அடுத்த வருடமும் அதே திசையில் சுற்றினால்தான் ஆணிகள் தளராது.

இந்தச் சனிக்கிழமைக்குள் இரண்டு படம் அனுப்பு: ரயர் பக்கத்தில் இருக்கிற இலக்கம் ஒன்று, மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் அடிமட்டம் பிடித்து ஒன்று. பார்த்துவிட்டு எந்த அகலம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா