தண்ணீர் அடிக்காமல் நின்றவர்களுக்கு

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துத் தீயணைப்புப் பிரிவினருக்கு வணக்கம்.

போன மாதம் சென்னையிலிருந்து வந்த ஏடிஆர் என்ற சிறிய விமானம் தரையிறங்கி ஓடுபாதையிலிருந்து பக்கப் பாதைக்குத் திரும்பியதும், ஒரு பக்கச் சக்கரத்தில் பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது, எல்லோரும் இடத்திலேயே உட்காருங்கள் என்று விமானி அறிவித்தார். அந்த விமானத்தில் எங்கள் ஆச்சியும் நாங்களும் இருந்தோம்.

அறிவிப்பு முடிந்து பெல்ட்டைத் தேடுவதற்குள் உங்கள் வண்டிகள் வந்துவிட்டன. உச்சி வெயிலில் வெள்ளி நிற உடுப்பு, தலைக்கவசம். ஒருவர் வண்டியின் கூரைமேல் இருந்த மானிட்டரை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் பீரங்கியை, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு பேர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"தண்ணிய அடிக்காம வேடிக்க பாத்துக்கிட்டு நிக்காவளே!" என்று பின் சீட்டுப் பெரியவர் சத்தம் போட்டார். நெல்லைக்காரர் வாய் சும்மா இருக்குமா?

பதில் இறங்கிய பிறகு கிடைத்தது. ஆச்சியைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்கிவிட்ட உங்கள் பிரிவுத் தம்பிதான் சொன்னார். கொதிக்கிற சக்கரத்தில் சட்டென்று தண்ணீர் பட்டால் உலோகம் விரிசல் விட்டு வெடிக்கலாம். தீ இல்லாதவரை தானாக ஆறவிடுவதுதான் நல்லது. வெடித்தால் துண்டுகள் அச்சின் போக்கில் பக்கவாட்டில் பறக்கும். அதனால் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் நெருங்க வேண்டும். யோசித்துப் பார்த்தால், உங்களில் ஒருவர்கூடச் சக்கரத்துக்கு நேர் பக்கத்தில் நிற்கவில்லை. அவசரப்பட்டு எதையாவது செய்துவிடாமல், குழாயில் கை வைத்தபடி அத்தனை நேரம் நின்றீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி.

வீட்டுக்கு வந்தபின் கொஞ்சம் படித்துப் பார்த்தோம். ஓடுபாதையின் எந்த முனையானாலும் முதல் வண்டி 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்து தீயணைக்கும் நுரையைப் பீய்ச்சத் தயாராக நிற்க வேண்டும், முடிந்தால் 2 நிமிடத்துக்குள் என்பது உலக விதியாம். நம்ம ஊர் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தபோது அதை எல்லோரும் பெருமையாகப் பேசினோம். பாதை இரண்டு மடங்குக்கு மேல் நீண்டாலும் உங்களுக்கான நிமிடம் மட்டும் நீளவில்லை என்பதை யாரும் பேசவில்லை. தினமும் வண்டியைக் கிளப்பி, பம்பை ஓட்டிப் பார்த்து, மணி அடித்தால் ஓடத் தயாராக இருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. பெரும்பாலான நாள் மணியே அடிக்காது என்பது வேறு விஷயம்.

விமானத்துக்குள் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்த பணிப்பெண்களுக்கும், வெயிட்டிங் காசு வேண்டாம் என்று சொல்லிக் காத்திருந்த வேன்காரர் அண்ணாச்சிக்கும் நன்றி.

ஆச்சிக்கு உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது: "அந்த வெள்ளிச் சட்டைக்குள்ள வேகாதா அய்யா?" அடுத்த தடவை சென்னைக்குக் கிளம்பும்போது நேரிலேயே கேட்பாராம். கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலமும் இருக்கும். டூட்டி நேரம் என்று மறுத்தால் விடமாட்டார், இப்போதே சொல்லிவிட்டோம்.

இப்படிக்கு,
ஆச்சியும் பேரப்பிள்ளைகளும்,
பாளையங்கோட்டை